எங்கே வலிக்கிறது என்று காட்டுங்கள்

உடம்பு ஒரு சிப்பாய்டா, அதுகிட்டப் போய் எப்படி இருக்கேன்னு கேட்டியோ... பெரியப்பா இதோடு நிறுத்தமாட்டார். கேட்டியோ என்று விரலை ஆட்டுவார், டம்ளரில் இருக்கிற கடைசி வாய் ஒயினைக் குடிப்பார், பிறகு மிச்சத்தைச் சொல்வார். அந்த மிச்சம்தான் எனக்கு வரமாட்டேன் என்கிறது. லீவு கேட்கும் என்றாரா, துப்பாக்கியை உன் பக்கமே திருப்பும் என்றாரா. இரண்டும் அவர் வாய்க்குப் பொருந்துகிறது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று, லியோன் நகரத்தில் நாலாவது மாடி வீட்டில் கைலியோடு வாழ்ந்து, முழங்காலுக்குள் ஒரு இரும்புத் துணுக்கை வைத்துக்கொண்டு ஒரு நாளும் ஸ் என்று சொல்லாமல் செத்துப்போனவர். காரைக்காலில் ஏழாவது வரைக்கும் தமிழில் படித்த என்னை அவரிடம்தான் அனுப்பினார்கள், மிச்சப் படிப்பெல்லாம் பிரெஞ்சில். அன்றிலிருந்து கணக்குப் போடுவது தமிழில், மன்னிப்புக் கேட்பது பிரெஞ்சில் என்று ஆகிப்போனது. இப்போது நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பி, வைத்தீஸ்வரன் கோயிலில், மொட்டை போடுகிற மண்டபத்தில், ஈரம் காயாத சிமெண்டுத் தரையில், புது வேட்டியும் கழுத்தில் மாலையுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, உடம்பிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்காமல் இருக்கப் பார்க்கிறேன். கேட்காமலே சொல்கிறது. இடுப்பு சொல்கிறது, இரண்டு முழங்காலும் ஒரே நேரத்தில் சொல்கின்றன, மாலையின் நார் உரசுகிற இடத்தில் பிடரி தனியாக எதையோ முறையிடுகிறது. எனக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் முடிந்தால் என் முறை. என் முறை என்றால் என் தலை இல்லை, என் தங்கை மகள் நிறைமதியின் தலை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முதல் முடி இறக்குவது என்று வேண்டுதல். மூன்றரை வருஷம் அந்தக் குழந்தை எனக்காக முடியை வளர்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. நான் இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அசையாமல், கத்தி போய் வருகிற வரைக்கும். என் கைகளை நம்ப முடியாது என்பது இந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்று மாலை டபராவை விட்டேன். காபி முழுக்கத் தரையில். எண்ணெய்க் கை, வழுக்கிவிட்டது என்றேன். போன வாரம் சாவி, அதற்கு முன்னால் தெருவில் பால் பாக்கெட். கை எப்போது விடும் என்று சொல்லிவிட்டு விட்டால் பரவாயில்லை. கட்டை விரலின் அடியில் ஒரு கொக்கி மாட்டி யாரோ சுண்டி இழுப்பது மாதிரி ஒரு வெட்டு, அவ்வளவுதான், விரல்கள் திறந்துகொள்கின்றன. மற்ற வலியெல்லாம் பழகிய வலி. பழகிய என்றால் குறைந்தது என்று அர்த்தமில்லை, வீட்டுக்குள் நுழைந்த உறவுக்காரன் போகமாட்டான் என்று தெரிந்துவிட்ட மாதிரி. காலையில் எழுந்தால் ராத்திரி முழுக்க யாரோ கட்டி வைத்து அடித்தது போல இருக்கும், சட்டைக் காலர் படுவது காயத்தில் படுவது போல இருக்கும், பல்வலி ஒன்று பல்லை விட்டுக் கிளம்பி உடம்பெல்லாம் உலாவப் போனது போல. காயம் எங்கே என்று தேடினால் தோல் பளபளவென்று இருக்கிறது. அதுதான் இதில் உள்ள கேவலம். கட்டுப் போட ஒரு இடமில்லை. பெரியப்பாவுக்காவது முழங்காலில் தழும்பு இருந்தது, கைலியைத் தூக்கிக் காட்டுவார், நாங்கள் பயபக்தியோடு பார்ப்போம். நான் எதைத் தூக்கிக் காட்டுவது. இன்று விடியற்காலை வேனில் ஏறும்போது நிறைமதி ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாமா, எனக்கு மொட்டே, மாமா எனக்கு மொட்டே. அந்த இரண்டு பிஞ்சுக் கைகளின் எடை என்ன இருக்கும், ஒரு முழம் பூ. ஆனால் தோள்பட்டையிலிருந்து முழங்கை வரைக்கும் பற்றி எரிந்தது, நான் பின்னால் வாங்கிவிட்டேன். குழந்தையைத் தள்ளவில்லை, வாங்கினேன். அவளுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும். கையைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என் தங்கை மங்கைக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது, பதினாலு வருஷம் ஊசியும் ஸ்கேனுமாகத் தவம் கிடந்து பெற்றவள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். போன மாதத்திலிருந்து குழந்தை என்னிடம் வரும்போது ஓட்டத்தைக் குறைத்து, கடைசி ஒரு அடியில் நின்று, வரலாமா என்று பார்க்கிறது. மூன்றரை வயதில் ஒரு ஆளிடம் ஜாக்கிரதையாக இருக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

எங்கே வலிக்கிறது என்று காட்டுங்கள் என்றார் லியோன் டாக்டர். ஒரு தாளில் மனித உருவம், முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று, முகமில்லாமல், விரல்கள் விரிந்து. கையில் ஒரு சிவப்புப் பென்சில். நான் தோளில் ஆரம்பித்தேன், இடுப்புக்கு வந்தேன், தொடை, கெண்டைக்கால், பாதம், திரும்பி முதுகு, சிவப்பாக்கிக்கொண்டே போனேன், கடைசியில் இடது காது மடலை மட்டும் வெள்ளையாக விட்டேன். அங்கேயும் வலித்தது. ஆனால் முழுசாகச் சிவப்படித்தால் பொய் சொல்கிறான் என்று நினைப்பாரே என்று ஒரு காதை விட்டுக்கொடுத்தேன். நிஜத்தை நம்பவைக்க அதில் கொஞ்சம் குறைத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அவர் பெயர் வைத்தார், ஃபைப்ரோமயால்ஜியா. பெயர் வந்த அன்று அழுதேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். பெயர் இருந்தால் நோய், இல்லாவிட்டால் குணம். பிறகு என்னை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார், பெயர் கொடுத்த கையாலேயே அதைப் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது. நல்ல அம்மாள், நரைத்த கிராப்பு. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள். அம்மா செத்த வருஷம் என்றேன். விமான டிக்கெட் கிடைக்காமல், காரைக்காலில் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போவதைக் கைபேசியில் பார்த்தேன், தெருமுனை திரும்பும்போது படம் உறைந்துபோனது, பாடையைத் தூக்கியவன் ஒருவனின் தோள்தான் திரை முழுக்க. ஆனால் அதற்கு முன்பே எனக்குத் தோள் வலித்ததோ. அந்த ஜனவரியில் பனியில் வழுக்கியது, அப்போதா. தோள் முதலில் வந்ததா, ஃபோன் முதலில் வந்ததா. இதைச் சரியாக நினைவுபடுத்திவிட்டால் நான் நோயாளியா அழுமூஞ்சியா என்று முடிவாகிவிடும் போல இரவு இரவாக யோசித்திருக்கிறேன், தூக்கம் போகும், தூக்கம் போனால் மறுநாள் வலி இரண்டு பங்கு, வலி இரண்டு பங்கானால் மனசு தரையோடு தரை, அந்த மனசை வைத்துக்கொண்டு மறுபடியும் ராத்திரி. அந்த அம்மாள் சொன்னாள், உங்கள் வலி நிஜம், அது உங்கள் துக்கத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதும் நிஜம், இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்ப்போம். ரொம்ப நியாயமான பேச்சு. என் காதில் முதல் பாதி விழவே இல்லை. துக்கம் துக்கம் என்றுதான் விழுந்தது, பொய் பொய் என்று விழுந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தவன் திரும்பப் போகவில்லை. கிளேர் அப்போது இன்னும் என் மனைவி. நமக்கு நடுவில் அது படுத்திருக்கிறது, எனக்குக் கட்டிலில் இடமில்லை என்றாள். ஓரமாகப் படுத்துப் பார்த்தாள், பிறகு சோபாவில், பிறகு கிரெனோபிள் நகரத்தில். காரைக்கால் டாக்டர் சுலபமாக முடித்தார். ரிப்போர்ட் எல்லாம் கிளீன் சார், நாப்பத்தெட்டுல இப்படி ரிப்போர்ட் கிடைக்கறதே புண்ணியம், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க, ஒரு கல்யாணம் பண்ணிக்குங்க. அன்றைக்குக் கூட வந்திருந்த மங்கையின் புருஷன் கலியமூர்த்திக்கு ரொம்ப சந்தோஷம். டாக்டரே ஒண்ணுமில்லேன்னுட்டாரே மச்சான், ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு இந்த மூஞ்சி.

குழந்தை ஒன்று வீறிடுகிறது, முடிந்தது அதற்கு, சந்தனம் அப்பித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இனி ஒன்றுதான் பாக்கி. மண்டபத்துச் சுவரில் ஈர முடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரும் வழியில் மங்கை என் கையில் ஒரு பொட்டலம் உப்பும் மிளகும் திணித்தாள், போடுண்ணே, வேண்டிக்கிட்டுப் போடு, வைத்தியநாதனுக்குத் தீராத வியாதி கிடையாது, நாலாயிரத்து நானூத்தி நாப்பத்தெட்டு வியாதிக்கும் இங்கே மருந்து. போட்டேன். எனது அந்தக் கணக்கில் எத்தனையாவது என்று கேட்க நினைத்தேன், அல்லது கணக்கு முடிந்த பிறகு வந்து சேர்ந்ததா. நம்பிக்கை இல்லாதவன் என்று இல்லை. நின்று கண்ணை மூடினேன், மூடியதும் நான் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா, குணப்படுத்து என்று இல்லை, எக்ஸ்ரேயில் எதையாவது காட்டு என்று. சாமியிடம் இப்படி ஒரு வரம் கேட்டவன் வேறு யாராவது இருப்பானா. அண்ணே, கொஞ்சம் சிரியேன், போட்டோவில தண்டனைக்கு உக்காந்தவன் மாதிரி இருக்கே, என்கிறாள் மங்கை இப்போது. பட்டுப்புடவை, மூக்குத்தி, நெற்றியில் வியர்வை, இன்று அவளைப் பார்க்கக் கண் கூசுகிறது, அவ்வளவு சந்தோஷம். கலியமூர்த்தியின் அத்தை ராசாம்பாள் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தபடி, பாரீசு மாமனுக்குத் தரையில உக்கார வரலை போலிருக்குடி, ஒரு நாற்காலி போடச் சொல்லேன், என்கிறாள். லியோன் என்று திருத்துவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அதெல்லாம் எங்கண்ணன் உக்காருவான், நீங்க உங்க வெத்தலையைப் பாருங்க அத்தை, என்று மங்கை திருப்பிக் கொடுக்கிறாள். பெருமை அவள் குரலில் துருத்திக்கொண்டிருக்கிறது. பதினாலு வருஷம் அந்த வீட்டில் மலடி என்ற சொல்லைக் கூடத்திலும் அடுப்படியிலும் கேட்டவள், அம்மாவும் போய், பிறந்த வீடு என்று காட்ட நான் ஒருவன்தான். ஒன்றாவது பிறந்தநாளில் மொட்டை போடலாம் என்று மாமியார் சொன்னபோது, எனக்கு அண்ணன் இருக்கான், அவன் மடியிலதான் என்றாள். இரண்டாவதில் அதையே சொன்னாள், மூன்றாவதில் முடி சிக்காகிப் பேன் விழுந்து மாமியார் கத்தரியோடு நின்றபோதும் அதையே சொன்னாள். அண்ணன் வந்தான். ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன், கை கொஞ்சம் சரியில்லை மங்கை என்று, கொஞ்சம் என்றேன், மறுபடியும் அந்தக் காது மடல் வேலை. உனக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே, மனசுல தைரியமா நெனைச்சுக்க, எல்லாம் மனசுதானே, என்றாள். எல்லாம் மனசுதானே. அன்பாகத்தான் சொன்னாள். டாக்டர் அறையில் அவமானமாக இருந்த சொல் அவள் வாயில் திருநீறு மாதிரி வந்தது, நான் வாங்கிப் பூசிக்கொண்டேன். ஏனென்றால் எனக்குள்ளும் ஒருவன் அதை நம்புகிறான். அவன் கெட்டிக்காரன், இரண்டு மொழியிலும் வாதாடுவான். எல்லாம் மனசு என்றால், இந்தக் குழந்தை மேல் உனக்கு இருக்கிற பிரியத்தைவிடப் பெரிய மனசு எது, அவள் தலையைப் பிடிக்கிறபோது உன் கை தானாக நிற்க வேண்டாமா. நின்றால் எல்லாரும் சொன்னது சரி, இத்தனை வருஷம் நீ நடித்திருக்கிறாய். நிற்காவிட்டால்...

வாங்க மாமா, அடுத்து நீங்கதான், என்கிறார் முடி எடுப்பவர். பிளேடை உடைத்துப் பாதியைக் கத்தியில் செருகுகிறார். மங்கை குழந்தையைத் தூக்கி என் மடியில் வைக்கிறாள். வைக்கிறாள் என்று எழுதிவிடலாம், தொடை எலும்பு வரைக்கும் ஒரு சுத்தியல் இறங்கியதை எழுத வார்த்தை இரண்டு மொழியிலும் இல்லை. பட்டுப்பாவாடைச் சரிகை வேட்டியைத் தாண்டி அரம் போல அறுக்கிறது. நிறைமதி என் வயிற்றில் முதுகைச் சாய்க்காமல் விறைத்து உட்கார்ந்திருக்கிறாள், ஜாக்கிரதையாக, இந்த மடியில் எவ்வளவு உட்காரலாம் என்று தெரியாமல். சாய்ஞ்சுக்கோடா என்றேன். சாய்ந்தாள். நெஞ்செலும்பு விரிசல் விடுகிற மாதிரி இருந்தது, இருந்தாலும் அந்தக் கணம் நன்றாகவும் இருந்தது, இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன. முடி எடுப்பவர் செம்பிலிருந்து தண்ணீர் தெளித்துத் தேய்க்கிறார். ரெண்டு கையாலயும் தலையை இறுக்கிப் புடிச்சுக்குங்க மாமா, பொண்ணு திமிருனா நான் பொறுப்பில்லே. பிடித்தேன். ஈரத் தலை, உள்ளங்கைக்குள் சூடாக, காதுகள் இரண்டும் என் விரல்களுக்கு நடுவில் மொச்சை மாதிரி. உச்சியிலிருந்து நெற்றிக்கு ஒரு இழுப்பு. சுருண்டு விழுகிறது மூன்றரை வருஷம். ரெண்டாவது இழுப்பு. கலியமூர்த்தி கைபேசியைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், மச்சான் இங்கே பாருங்க, இங்கே. நான் கட்டை விரலைப் பார்க்கிறேன். வரப்போகிறதா என்று கேட்கக்கூடாது, கேட்டால் வரும், கேட்காவிட்டால் எப்போது வரும் என்று தெரியாது. மூன்றாவது இழுப்பு பாதியில் இருக்கும்போது வந்தது. கொக்கி, வெட்டு. அவர் பழக்கப்பட்ட ஆள், கத்தியை மேலே தூக்கிவிட்டார், ஒரு நூல் இடைவெளி. ஏன் மாமா நீங்க ஆடறீங்க, புள்ளை சும்மாத்தானே இருக்கு. மண்டபமே சிரித்தது. ராசாம்பாள் அத்தை, மாமனுக்குக் கூச்சம் போலிருக்கு, அவருக்கும் சேத்து மொட்டை போட்டு விடுப்பா என்றாள், இன்னும் சிரித்தார்கள், மங்கைகூடச் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பிடியை இறுக்கினேன். இப்போது விடமாட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டால் விடாது, பெரியப்பா ஸ் என்று சொன்னாரா, மனசு, மனசு, அன்பு இருந்தால் நிற்கும், நிற்காவிட்டால் உனக்கு அன்பில்லை, நிற்கும், நின்றுவிட்டால் இன்றோடு இந்தப் பேச்சே இல்லை, எல்லாருக்கும் தெரிந்துபோகும், எனக்கும் தெரிந்துபோகும். கத்தி மறுபடி இறங்குகிறது. மாமா, வலிக்குது, விடு, என்றாள் நிறைமதி. அழுகையாக இல்லை, மெதுவாக, எனக்கு மட்டும் சொல்கிற மாதிரி. பார்த்தேன். அவள் நெற்றிப்பொட்டில் என் விரல்கள் அழுந்தி, அழுந்திய இடத்தைச் சுற்றி வெளுத்திருந்தது. என் கை நடுங்காமல் இருக்க அவள் மண்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதைவிட, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. எந்த ஸ்கேனும் சொல்லாததை இந்தக் குழந்தையின் தலையில் கேட்டுப் பார்க்கிறேன். ரத்தம் வந்தால் நான் யோக்கியன். வராவிட்டால் பொய்யன். எதுவாக இருந்தாலும் கத்தி என்னவோ அவள் தலையில்தான்.

நிறுத்துங்க, என்றேன்.

முடி எடுப்பவர் கத்தியை எடுத்தார். பாதி மொட்டை, பாதியில் ஈர முடி தொங்கிக்கொண்டிருக்கிறது. என்ன மச்சான், கால் மரத்துப்போச்சா, என்றான் கலியமூர்த்தி, கைபேசியை இறக்காமல்.

"என் கை நிக்காது மாப்பிள்ளே. ரொம்ப நாளா நிக்கறதில்லே."

"அட, இன்னும் ரெண்டு இழுப்பு. சின்னப்புள்ளைக்கு மேல நீங்க பயப்படறீங்களே."

"பயம் இல்லே. உடம்பெல்லாம் வலிக்குது. எல்லா இடத்திலயும். நேத்து டபரா வழுக்கலை, கை விட்டுடுச்சு. இப்பவும் விட்டுச்சு, எல்லாரும் பாத்தீங்க."

யாரும் சிரிக்கவில்லை. ராசாம்பாள் அத்தை மட்டும், இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன, பாதி மொட்டையில சொல்றதாக்கும், என்று யாரிடமோ சொன்னாள். மங்கை என் பக்கத்தில் மண்டியிட்டாள். மூக்கு நுனி சிவந்துவிட்டது. இதே மூக்கோடுதான் என்னை லியோனுக்கு அனுப்பிய அன்று காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நின்றாள், ஆறு வயது.

"அண்ணே, எல்லாரும் பாக்கறாங்க. அவங்க வூட்டு ஆளுங்க அத்தனை பேரும். அஞ்சு நிமிஷம். பல்லைக் கடிச்சுக்க. எனக்காக."

"உனக்காகத்தான் இவ்வளவு நேரம் கடிச்சேன்."

"மனசுல நெனைச்சுக்கண்ணே, ஒண்ணும் ஆகாதுன்னு..."

"நெனைச்சேன் மங்கை. நெனைச்சுத்தான் அவ தலையை நசுக்கினேன். பாரு."

அவள் பார்த்தாள். நெற்றிப்பொட்டில் நாலு விரல் தடமும் தெரிந்தது. கையை வைத்துத் தேய்த்துவிட்டாள், போகவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள், என்னப்பா ஆச்சு, சீக்கிரம், என்றார்கள். முடி எடுப்பவர் கத்தியைச் செம்புத் தண்ணீரில் அலசிவிட்டு, மாமன் மடியா அம்மா மடியா, சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு எந்த மடின்னாலும் ஒண்ணுதான், என்றார்.

குழந்தையை என் மடியிலிருந்து எடுத்து மங்கையின் மடியில் உட்காரவைத்தேன்.